ரத்தம் குடித்த பெல்ட்

நீராம்பாறை எஸ்டேட்டில் மெக்கானிக் சிங்கராயன் சொல்வதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. ஆனால் அவர் வாயே திறக்காமல் ஒரு வண்டியைச் சரிசெய்துவிட்டால், அந்த வண்டி சரியாகிவிட்டது என்பதையும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்பானரும் வாயும் சேர்ந்து சுற்றினால்தான் அவருக்கு வேலை ஓடும். இது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைத் தாங்க முடியாதவர் ஒருவர் இருந்தார். கிளப் மைதானத்தில் புல்வெட்டும் டிராக்டரை ஓட்டுகிற காத்தமுத்து.

பொய் பிடிக்காது என்பதல்ல. பயம். சிங்கராயன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட காத்தமுத்து நம்பியதில்லை. ஆனால் அந்த வார்த்தை ஒவ்வொன்றும் வண்டியின் மேல் போய் விழும் என்று உறுதியாக நம்பினார். நம்பாத பேச்சுக்கு எதற்கு இப்படி நடுங்குகிறாய் என்று தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார். பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டி பழையது. ஒரு காலத்தில் சிவப்பு. பெரிய டிராக்டரின் குட்டி என்று சொல்லும்படியான உருவம். காத்தமுத்து அதில் உட்கார்ந்தால் கன்றுக்குட்டி மேல் ஏறியது போலிருக்கும். அதன் வயிற்றுக்கடியில் அகலமான தகர மூடி ஒன்று தொங்கும். அதுதான் டெக். டெக்குக்குள் இரண்டு பிளேடு. என்ஜினின் சுற்றை ஒரு நீளமான பெல்ட் வாங்கிக்கொண்டு போய் பிளேடுகளுக்குக் கொடுக்கும். அந்த பெல்ட் தொய்ந்துவிடாமல் ஒரு சின்னப் புல்லி அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புல்லி ஒரு இரும்புக் கையின் முனையில் இருக்கும், கையை ஒரு ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் சங்கதி. இந்தச் சங்கதியை நம்பித்தான் காத்தமுத்து தன் பாதி ஆயுளை ஓட்டியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள், டீக்கடையில் பத்துப் பேர் நடுவே, சிங்கராயன் அந்த வண்டியைப் புகழ்ந்துவிட்டார். அதற்குச் சாவே கிடையாது என்றார். தன் பேரன் கல்யாணத்துக்குப் பந்தல் போடும் இடத்தில் அதுதான் புல் வெட்டும் என்றார். பேரனுக்கு அப்போது பல் முளைக்கவில்லை. காத்தமுத்துவின் வாயிலிருந்த டீ அப்படியே கசந்துபோனது.

முன்பெல்லாம் என்றால் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜர் துரை அதற்குத் தடை போட்டிருந்தார். மெஷினில் எதுவும் தொங்கக் கூடாது, தொங்கினால் தொங்கவிட்டவருக்கு வேலை இல்லை என்பது அவருடைய சட்டம். அதனால் காத்தமுத்து பூஜை அன்று, நல்ல கெட்டியான எலுமிச்சம்பழம் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, யார் கண்ணும் போகாத இடத்தில், டெக்குக்கு மேலே அந்த இரும்புக் கைக்குப் பக்கத்துச் சந்தில் செருகி வைத்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது தை பிறக்கப் போகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து எஸ்டேட்டோடு பொங்கல் மேட்ச். மைதானம் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும், மொட்டை அடிக்கும்போது நாவிதர் எழுந்து போய்விட்ட தலையைப்போல் கிடந்தது. லேசான புல்லில் வண்டி ஓடியது. அடர்ந்த புல்லுக்குள் நுழைந்ததும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, பிளேடு மட்டும் நின்றுபோனது. கூடவே ரப்பர் கருகுகிற நாற்றம். பெல்ட் வழுக்குகிறது.

காலையில் வந்து பார்த்த துரை அதிகம் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் மைதானம் முடியாவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், புல்லுக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள், காத்தமுத்து ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மாடிக்குப் போவார் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த மாடியில் ஜன்னல்கூட இல்லை. வேறு வழியில்லாமல் காத்தமுத்து போய், தான் யாருக்குப் பயந்தாரோ அவரையே கூட்டிக்கொண்டு வந்தார்.

சிங்கராயன் வந்ததும் சாக்கை விரித்துப் படுத்து, டெக்கின் அடியில் கையை விட்டார். கிளப்பைக் கூட்டிப் பெருக்குகிற பவுனுத்தாய் விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சிங்கராயன் படுத்துவிட்டால் கதை எழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் அடியில் அப்பிக்கிடந்த புல்லைச் சுரண்டினார். ஈரப் புல் காய்ந்து, அதன்மேல் இன்னொரு ஈரப் புல் ஒட்டி, சாணித் தட்டுபோல் பெயர்ந்து வந்தது. இதெல்லாம் ஒரு அழுக்கா என்றார் சிங்கராயன். மேல்பாறை எஸ்டேட்டில் அவர் இதேபோல் ஒரு டெக்கைச் சுரண்டியபோது உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். என்ஜின் சூட்டில் பன்னிரண்டு முட்டையும் ஒரே நேரத்தில் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்தனவாம். ஆனால் பிளேடு சுற்றுகிற இடத்தில் பிறந்ததால் அந்தக் குஞ்சுகளுக்கு நேராக நடக்கத் தெரியாதாம். ஆயுசுக்கும் வட்டமாகவே நடந்தனவாம்.

"கோழி எப்படிண்ணே உள்ள போச்சு?" என்றாள் பவுனுத்தாய்.

"கதவத் தட்டித்தான். நம்ம ஊருக் கோழி மாதிரியா? மருவாத தெரிஞ்ச கோழி."

காத்தமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று தடவை தூ தூ என்று துப்பினார். அழுக்கு போனபின் என்ஜினைப் போட்டுப் பார்த்தார்கள். பெல்ட் வழுக்கியது.

அடுத்து சிங்கராயன் புல்லிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் எண்ணெய் விட்ட மாதிரி சுற்றின, எங்கும் இறுகவில்லை. பெல்ட்டைத் துணியால் துடைத்து, விரலால் அழுத்தி, நகத்தால் கீறிப் பார்த்தார். ஓரம் கொஞ்சம் தேய்ந்து பளபளப்பு ஏறியிருந்தது, ஆனால் வெடிப்பு இல்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு உயிர் இருக்கிறது என்றார். புது பெல்ட் வேண்டுமென்றாலும் கீழே கோயம்புத்தூரில் சொல்லிவைத்தால் பொங்கல் கழிந்துதான் வரும். காத்தமுத்து ஃபேக்டரி இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பெல்ட் இல்லையென்றால் வேலை நின்றுவிடுமா என்ன, என்று சிங்கராயன் தொடங்கினார். ஒரு ஆடி மாதம், மழை கொட்டுகிற நேரம், இதே வண்டியில் பெல்ட் அறுந்துபோனதாம். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லையாம். அவர் யோசித்துக்கொண்டு நிற்கும்போது காலில் ஒரு அட்டை ஏறியதாம். ரத்தம் குடிக்கிற அட்டைதான், ஆனால் சாதாரண அட்டை இல்லை. சோலைக்குள் கிடந்து தண்ணீர்ப் பாம்பளவுக்கு வளர்ந்த அட்டை. அதைப் பிடித்து இழுத்தாராம். இழுக்க இழுக்க வந்ததாம். அப்போதுதான் அவருக்கு மூளையில் பொறி தட்டியதாம்.

"அட்டைக்கு ரெண்டு பக்கமும் வாய் மாதிரி ஒட்டும் பாரு, பவுனு. முன்பக்கத்தப் பின்பக்கத்தோட ஒட்ட வச்சேன். பெல்ட்டு ஆயிருச்சு. மூணு புல்லியிலும் மாட்டி விட்டேன். சுத்தச் சுத்த இறுக்கிப் பிடிக்குது. வழுக்குறதாவது. அந்த மழ முழுக்க அதுதான் ஓடுச்சு."

பவுனுத்தாய் நம்பவில்லை. அட்டைக்குத் தீனி யார் போட்டது என்று கேட்டாள். தினமும் வேலை தொடங்கும்முன் தன் சுண்டுவிரலைக் காட்டியதாகவும், காலையில் ஒரு மிடறு குடித்தால் சாயங்காலம்வரை ஓடும் என்றும், பெட்ரோலைவிடச் செலவு குறைவு என்றும் சிங்கராயன் சொன்னார். அப்படியென்றால் இப்போது அந்த அட்டை எங்கே என்று அவள் விடவில்லை. அன்றைக்கிருந்த துரையின் சம்சாரம் ஊறுகாய் போடுவதற்காக முற்றத்தில் காயவைத்த உப்பின் ஓரமாக வண்டி போய்விட்டதாம். உப்பு ஒரு சிட்டிகை தெறித்ததும் அட்டை பிடியை விட்டுவிட்டதாம். அன்றிலிருந்து சிங்கராயன் உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறாராம்.

"ரத்தக் கொதிப்புன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு உங்க வீட்டு அக்கா சொல்லிச்சே" என்றாள் பவுனுத்தாய்.

"அது ஊருக்குச் சொல்ற காரணம்."

காத்தமுத்து சிரிக்கவில்லை. ஓடாத வண்டியைப் பார்த்து இது ஒருகாலத்தில் ரத்தம் குடித்தது என்று சொன்னால், கேட்கிற தெய்வம் எது, அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஸ்பிரிங். சிங்கராயன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து விட்டுப் பார்த்தார். இழுத்த வேகத்தில் திரும்பி வந்தது. ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தது. மறுபடி மாட்டினார். மாட்டும்போது, இந்த ஸ்பிரிங் கிடைக்காத காலத்தில் தான் ஒரு ஆனையை வைத்து வேலை பார்த்ததாகச் சொன்னார். வாழைத்தோட்டத்தை முடித்துவிட்டு மைதானம் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஒற்றை ஆனையாம். தும்பிக்கை நுனியால் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். அது பிடித்த பிடியில் பெல்ட் வீணைத் தந்தி மாதிரி நின்றதாம். மறுநாள் காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்துக்கு அதுவும் வந்து வரிசையில் நின்றதாம்.

"பேரு என்னன்னு கொடுத்துச்சு?" என்றாள் பவுனுத்தாய்.

பேர் கேட்ட கங்காணியைத்தான் அன்றைக்கப்புறம் யாரும் பார்க்கவில்லை என்றார் சிங்கராயன். மற்றபடி நல்ல ஆனை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. அதுவும் தன்னைப்போல் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார ஆனையோ என்னவோ, தான் விசாரிக்கவில்லை என்றார்.

சொல்லிக்கொண்டே அவர் கையை இரும்புக் கை இருக்கிற பக்கம் நீட்டினார். அங்கே வெளிச்சம் காட்டச் சொன்னார். டார்ச் காத்தமுத்துவின் கையில் இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளி, கியர் பெட்டியின் மேல் பிடித்தார். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையென்று தானே பார்த்துவிட்டதாகச் சொன்னார். அது பொய்யில்லை என்று தனக்குள் வாதாடிக்கொண்டார். கோளாறு ஒன்றும் இல்லை, காவல்தான் இருக்கிறது. இத்தனை கோழியும் அட்டையும் ஆனையும் வந்து விழுந்த பிறகும் வண்டியின் என்ஜினாவது ஓடுகிறதென்றால் அந்தப் பழம்தான் காரணம். அதையும் இந்த மனிதர் பிடுங்கிப் போட்டுவிட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

மறுபடி என்ஜினைப் போட்டார்கள். மறுபடி ரப்பர் நாற்றம்.

சிங்கராயன் எழுந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்தார். தோற்றுப்போகிற நேரத்தில் அவருடைய கதைகள் இன்னும் உயரத்துக்குப் போகும். இந்த முறை நிஜமாகவே போயின. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் ஆபத்து என்று தொடங்கினார். ஒருமுறை அவர் இறுக்கிய இறுக்கில் பிளேடு சுற்றிய வேகத்துக்கு வண்டி தரையை விட்டு எழும்பிவிட்டதாம். ஹெலிகாப்டருக்காவது மேலே விசிறி, இவருக்குக் கீழே. மூடுபனிக்கு மேலே போய், எதிர்ச் சரிவில் இறங்கி, முந்நூறு ஏக்கர் தேயிலையைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிக்கொண்டே போனாராம். கொழுந்து பறிக்க வந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டார்களாம். கூடை தானாக நிரம்பியதாம். பிறகு வண்டி இன்னும் மேலே போய் ஒரு மேகத்தைத் துண்டு துண்டாக வெட்டியதாம். அந்தத் துண்டுகள் விழுந்து டேம் நிரம்பி, பொழுது சாயும் முன்னே ஷட்டரைத் திறந்தார்களாம்.

"எறங்கலாம்னு பாக்குறேன், நெலா வந்துருச்சு. முழு நெலா. எவ்வளவோ திருப்பினேன், பிளேடு ஓரத்துல பட்டுருச்சு. ஒரு சீவு போயிருச்சு. அன்னைக்கிருந்துதான் தேய்பிற."

பவுனுத்தாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டாள். "அப்ப வளர்பிற?"

"அது ரிப்பேருக்கு விடுறது. யாரு பாக்குறாங்கன்னு என்னையக் கேக்காத. எனக்கே ஆள் பத்தல."

அவள் சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள். கேட்க ஆள் இல்லாமல் போனதும் சிங்கராயன் பேச்சை நிறுத்தினார். வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மைதானத்தின் மேற்கு ஓரத்துக்குப் போய்விட்டது. வெட்டாத பாதியில் புல் காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது.

காத்தமுத்து இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டது இந்த மௌனத்தைத்தான். அது வந்தபோது ஃபேக்டரி மாடிதான் நினைவுக்கு வந்தது. சிங்கராயன் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் வண்டி முடிந்தது என்று அர்த்தம். தன் பயம் இதுவரைக்கும் எதைக் காப்பாற்றியது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டார். வண்டியையா, பயத்தையேவா? கேள்வி பிடிக்கவில்லை. டார்ச்சை எடுத்து, குனிந்து, இரும்புக் கையின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இங்க பாத்தீங்களாண்ணே" என்றார்.

சிங்கராயன் தலையை உள்ளே நுழைத்தார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் இழுக்க, இரும்புக் கை தன் முழுத் தூரத்துக்கும் போய்ப் புல்லியை பெல்ட்டின் மேல் அழுத்தியது. சிங்கராயனின் உள்ளங்கையில் கறுத்த உருண்டை ஒன்று இருந்தது. என்ஜின் சூட்டில் மூன்று மாதம் காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் மட்டும் இரும்புக் கை அழுத்திய தடம், தேய்த்த பித்தளைபோல் பளபளத்தது. பழம் ஈரமாக இருந்தவரை நசுங்கி இடம் கொடுத்திருக்கிறது. காய்ந்தபின் கொடுக்கவில்லை. பெல்ட் தேயத் தேய, அதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டிய கை, பழத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

சிங்கராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சிங்கராயனின் முகத்தில் கோபமே இல்லை. வாழ்க்கை முழுவதும் அதிசயங்களைச் சொந்தக் கையால் தயாரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு, முதல்முறையாக ஒன்று தயாராகவே கிடைத்திருந்தது. அவர் பழத்தைப் பத்திரமாக மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, வண்டியை ஓட்டச் சொன்னார்.

காத்தமுத்து அடர்ந்த புல்லுக்குள் விட்டார். பிளேடு நிற்கவில்லை. புல் ஒரு பக்கமாக விசிறிக்கொண்டு விழுந்தது. பச்சை வாசனை ரப்பர் நாற்றத்தை அடித்துக்கொண்டு போனது. ஒரு சுற்று முடித்து அவர் திரும்பி வந்தபோது துரையின் ஜீப் வந்து நின்றிருந்தது. பவுனுத்தாயும் டீயோடு வந்துவிட்டாள்.

கோளாறு என்ன என்று துரை கேட்டார். சிங்கராயன் கைகளைத் துடைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத அளவுக்குச் சுருக்கமாக, உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் கல்லாகிக் கிடந்தது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற இரும்புக் கையை அது தடுத்தது, எடுத்ததும் சரியாகிவிட்டது என்றார்.

துரை சிரித்தார். போன மாதம் ஜீப்பில் கிளட்ச் மாற்றும்போது ஆனைக் கதை கேட்டிருந்தவர் அவர். "ஆனை முடிஞ்சு இப்ப எலுமிச்சம்பழமா, சிங்கராயன்? எங்க, காட்டுங்க பாப்போம்."

சிங்கராயன் பெருமையோடு மட்கார்டைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு சீட்டில் உட்கார்ந்திருந்த காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்துவின் சட்டைப்பை, நெஞ்சுக்கு மேலே, உருண்டையாகப் புடைத்திருந்தது. பையின் ஓரத்தில் கறுப்புக் கயிறு ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது.

பிறந்ததிலிருந்து சிங்கராயன் சொன்ன ஒரே உண்மைக்கு ஒரே சாட்சி அது. கையை நீட்டினால் போதும். காத்தமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சிங்கராயன் நீட்டப்போன கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"புழிஞ்சு குடிச்சிட்டேங்க, தொர. வெயில் பாருங்க."

துரை தொடையில் தட்டிச் சிரித்தார். வெளிச்சம் போவதற்குள் முடிக்கச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் வண்டி இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பவுனுத்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை. காய்ந்து கல்லானதைப் பிழிந்தாராம், குடித்தாராம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு டீயைக் காத்தமுத்துவிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள். "நீங்க பொய் பேச மாட்டீங்கண்ணே. நெசமா உள்ள என்னதான் இருந்துச்சு?"

காத்தமுத்து டீயை வாங்கினார். பவுனுத்தாய் நல்லவள்தான். ஆனால் அவளிடம் சொன்ன சேதி பொழுது சாய்வதற்குள் தொழிலாளர்கள் இருக்கும் எல்லா லயன் வீடுகளையும் சுற்றிவிட்டு துரை பங்களா வாசலில் போய் நிற்கும். அவர் ஒரு வாய் குடித்தார். சட்டைப்பையின் கனம் நெஞ்சில் இடித்தது.

"அட்டை" என்றார்.

"என்னது?"

"அந்த ஆடி மழைக்கு அண்ணன் போட்டாரே, அது. முழுசா வரல போல. ஒரு துண்டு உள்ளேயே ஒட்டிக் கெடந்துருக்கு."

பவுனுத்தாய் சிரிப்பதை நிறுத்தினாள். டெக்கைப் பார்த்தாள். தன் கால்களைப் பார்த்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கிளப் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் உப்பு டப்பா இருந்தது. வண்டியைச் சுற்றி, சக்கரத்துக்குச் சக்கரம், ஒரு இடம் விடாமல் தூவினாள்.

சிங்கராயனுக்கு முகம் விழுந்துவிட்டது. "இதையேதான பவுனு நான் சொன்னேன்? அப்ப சிரிச்சியே."

"நீங்க சொன்னது கத" என்றாள் அவள், தூவுவதை நிறுத்தாமல். "இவரு எதுக்குச் சொல்லப் போறாரு?"

சிங்கராயன் சாக்கைச் சுருட்டினார். ஸ்பானர்களைப் பையில் போட்டார். போகும்போது வண்டியின் பக்கத்தில் வந்து, காத்தமுத்துவின் காதருகே குனிந்தார்.

"முத்து, நீ புல்ல மட்டும் வெட்டு. இந்த மலைக்கு ஒருத்தன் போதும்."